பொறுப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவில்

தமிழில் 'பெரும்பாடு' என்று ஒரு சொல் உண்டு. மாதவிடாய் ரத்தம் அளவு மீறிப் போவதற்குச் சித்த மருத்துவத்தில் வழங்கும் பெயர் அது. இன்று 'பெரும்பாடு படுகிறேன்' என்றால் பெருந்துன்பம் என்ற பொருள்தான் காதில் விழுகிறது, உதிரம் மறைந்துவிட்டது. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு மட்டும் பழைய பொருள் நினைவிருக்கும். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரும்பாட்டில் கிடந்த பெண் ஒருத்தி அதில் வருகிறாள். கையிலிருந்ததையெல்லாம் வைத்தியர்களிடம் கொடுத்துத் தீர்த்தும் நோய் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் கூட்டத்துக்குள் நுழைந்து, பின்பக்கமாக வந்து, யாருக்கும் தெரியாமல் இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். அந்தக் கதையில் அற்புதத்தைவிட, அவள் பின்பக்கமாக வந்தாள் என்பதுதான் எனக்கு மறப்பதில்லை.

நம் ஊர்களில் 45 வயதைத் தாண்டிய பெண்கள் இன்றும் பின்பக்கமாகத்தான் வருகிறார்கள். பிரஷர் மாத்திரை வாங்க வந்ததாகச் சொல்வார்கள். தலைசுற்றல், மூட்டுவலி, சாப்பாடு செரிக்கவில்லை என்பார்கள். சீட்டு எழுதி முடித்து, எழுந்து, கதவுவரை போன பிறகு திரும்பி நின்று குரலைத் தாழ்த்தி, "அப்புறம் ஒண்ணு டாக்டர்... மாசத்துல ரெண்டு தடவை வருது" என்பார்கள். அதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்திருக்கும்.

அப்படிச் சொல்லிவிட்டவளுக்கும் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் கிடைக்கிறது. முதலாவது: "நிக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ." வீட்டில் மாமியார் சொல்வதும் இதுதான், பல மருத்துவர்கள் சொல்வதும் இதுதான். இரண்டாவது: "பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு அது, எடுத்துடலாம்." பொறுப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது: என்ன நோய் என்று பார்ப்பது. நடுவயதுப் பெண்களுக்கு நம் மருத்துவத்தில் அதிகம் விடுபட்டுப்போவது அந்தப் படிதான் என்பது என் துணிபு.

'நிக்கிற நேரம்' என்ற பதிலில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. மேற்கு நாடுகளில் 51 அளவில். நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே சினைப்பை முறைதவறத் தொடங்குகிறது. ஒரு மாதம் முட்டை வெளிவரும், இரண்டு மாதம் வராது. முட்டை வராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜென் மட்டும் சுரந்துகொண்டிருக்க, கருப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போகும். சமயத்துக்குச் சீராக உதிர வேண்டிய அந்தப் படலம் ஒருநாள் அங்கங்கே பிய்ந்து, நாள்கணக்கில் ஒழுகும். 40 நாள் வராமல் இருந்து, வந்தால் 15 நாள் நிற்காமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஆனால் இதே காரணம்தான் நோய்க்கும் வழி. ஈடுசெய்ய புரோஜெஸ்டிரோன் இல்லாமல் ஈஸ்ட்ரோஜென் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தால், உட்படலம் தடிப்பதோடு நிற்காமல் உருமாறவும் கூடும். உடல் கொழுப்பும் ஈஸ்ட்ரோஜெனை உண்டாக்கும் என்பதால் உடற்பருமனும் சர்க்கரை நோயும் உள்ள பெண்களுக்குக் கருப்பை உட்படலப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டுப் பெண்களில் 10 பேரில் 4 பேர் அதிக எடை கொண்டவர்களாக இருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் 'வயசுக்கோளாறு' என்று கண்ணை மூடிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. முறைதவறிய ரத்தப்போக்குக்கான காரணங்களை உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ 2011இல் ஒன்பது வகையாகப் பிரித்தது. பாலிப் எனப்படும் சதைவளர்ச்சி, கருப்பைச் சுவருக்குள்ளேயே உட்படலம் வளரும் அடினோமயோசிஸ், ஃபைப்ராய்டு கட்டி, புற்று ஆகிய நான்கும் கண்ணால் காணக்கூடியவை அல்லது திசுவில் தெரியக்கூடியவை. மற்ற ஐந்தில் ரத்தம் உறையாக் குறைபாடு, முட்டை வெளிவராமை, மருந்துகளின் விளைவு முதலியவை வரும். ஒன்பதில் எது என்பதை மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்துகொண்டே சொல்லிவிட எந்த மருத்துவராலும் முடியாது.

என் சித்தியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு 54 வயது. மாதவிடாய் நின்று மூன்று வருடம் முழுதாக ஆகியிருந்தது. ஆடி மாதம் ஒருநாள் உள்பாவாடையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு கறை. வலி இல்லை, வேறு எதுவும் இல்லை. 'சூடு' என்று முடிவுகட்டி வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார், இளநீர் குடித்தார். புரட்டாசியில் மறுபடி. ஐப்பசியில் மறுபடி. மகளிடம் சொல்லவில்லை, கணவரிடம் சொல்லும் பேச்சே இல்லை. கார்த்திகையில் மொட்டைமாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த துண்டை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தபடி சொன்னார். நான்கு மாதம்.

மருத்துவத்தில் இதற்குத் தெளிவான ஒரு விதி இருக்கிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால் மாதவிடாய் நின்றுவிட்டது. அதன்பிறகு வருகிற ரத்தம், ஒரே ஒரு துளியாக இருந்தாலும், ஒரே ஒரு தடவையாக இருந்தாலும், பரிசோதித்தே ஆக வேண்டும். 129 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு இரண்டு எண்களைத் தருகிறது. கருப்பை உட்படலப் புற்றுநோய் வந்த பெண்களில் 100க்கு சுமார் 90 பேருக்கு இந்த ரத்தப்போக்கு இருந்தது. ஆனால் இந்த ரத்தப்போக்கோடு வந்த பெண்களில் 100க்கு சுமார் 9 பேருக்குத்தான் புற்றுநோய் இருந்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் எண், தள்ளிப்போடாதே என்கிறது. இரண்டாவது எண், நடுங்காதே என்கிறது. 100இல் 91 பேருக்குக் காரணம் வேறு. ஆனால் அந்த 91இல் தானும் ஒருத்தியா என்பது பார்த்தால்தான் தெரியும்.

பார்க்காமலே சொல்லிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சித்தியை முதலில் கூட்டிப்போன தனியார் மருத்துவமனையில் அவரைப் படுக்க வைக்கக்கூட இல்லை. வயதைக் கேட்டார்கள், எத்தனை பிள்ளை என்று கேட்டார்கள். "கர்ப்பப்பையை எடுத்துடுங்கம்மா, விட்டா கேன்சரா மாறிடும்" என்றார்கள். எத்தனை நாள் தங்க வேண்டும், எவ்வளவு ஆகும் என்பது உடனே ஒரு தாளில் எழுதித் தரப்பட்டது. சித்தி அந்தத் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, வீடு வந்து சேரும்வரை பேசவில்லை.

இது ஒரு குடும்பத்துக்கு மட்டும் நடந்தது என்றால் இந்தக் கட்டுரைக்கே தேவையில்லை. தேசியக் குடும்பநல ஆய்வு தன் நான்காம் சுற்றில் (2015-16) முதன்முறையாகக் கருப்பை அகற்றம் பற்றி விரிவாகக் கேட்டது. 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 3.2 சதவீதம் பேர் கருப்பையை இழந்திருந்தார்கள். ஆந்திரத்தில் அது 8.9, தெலங்கானாவில் 7.7. அறுவை நடந்தபோது பாதிப்பேருக்கு முப்பதுகளின் நடுப்பகுதியைக்கூடத் தாண்டாத வயது. மூன்றில் இரண்டு பங்கு அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தன. பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்ன காரணம், அதிக ரத்தப்போக்கு அல்லது வலி. பெரும்பாடு என்கிற அறிகுறி மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்குப் பின்னாலிருந்த நோயின் பெயர் அந்தப் பதிலில் இல்லை.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 2019இல் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் 82,309 பேரிடம் அரசு கணக்கெடுத்தபோது, 13,861 பேர் கருப்பை எடுத்தவர்கள் என்று தெரிந்தது. வெட்டுக்குப் போகாத நாளுக்கு அபராதம். வயல்களில் கழிப்பறை கிடையாது, தண்ணீர் கிடையாது. மாதவிடாயே வேலைக்கு இடைஞ்சல் என்றாகிவிட்ட இடத்தில் கருப்பையை எடுப்பது விடுதலைபோலத் தோன்றியிருக்கிறது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையில்லாத கருப்பை அகற்றங்கள் நடந்தன என்று மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மத்திய சுகாதாரத் துறை 2022இல் வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்றது.

எடுப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. புற்று இருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். பெரிய ஃபைப்ராய்டு, மருந்துக்கு மசியாத அடினோமயோசிஸ் என்று எத்தனையோ பெண்களுக்கு அந்த அறுவைதான் நிம்மதியைத் திருப்பித் தந்திருக்கிறது. ஆனால் அது கடைசியில் வர வேண்டிய பதில். ரத்தம் போகும் நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்சாமிக் அமிலம் இருக்கிறது. புரோஜெஸ்டிரோன் மாத்திரை இருக்கிறது. கருப்பைக்குள் வைக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் கொஞ்சங்கொஞ்சமாக ஹார்மோனைக் கசியவிடும் 'டி' வடிவச் சாதனம் இருக்கிறது. வழக்கமான மாத்திரைகளைவிட அந்தச் சாதனம் பெண்களின் அன்றாட வாழ்வை அதிகம் மீட்டுத்தந்தது என்று பிரிட்டனில் 571 பெண்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. இவற்றில் ஒன்றைக்கூட முயன்று பார்க்காமல் 35 வயதில் சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், அந்தப் பெண் ஒரே நாளில் மாதவிடாய் நின்றவளாகிவிடுகிறாள். எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கின்றன. சினைப்பையை விட்டுவைத்தாலும்கூட, கருப்பை எடுத்தவர்களுக்கு அது சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துவிடுவது கண்டறியப்பட்டிருக்கிறது.

பெண்கள் ஏன் இவ்வளவு காலம் பொறுக்கிறார்கள் என்ற கேள்விக்கு 'அறியாமை' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவதை நான் ஏற்கவில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர் ராணி பங்கும் அவருடைய குழுவினரும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, முடிவுகளை 1989இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 55 சதவீதம் பேர் தங்களுக்குத் தொந்தரவு இருப்பதாகச் சொன்னார்கள். சோதித்தபோது 92 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு பெண்நோய் இருந்தது. அதற்கு முன் ஒருமுறையாவது பெண்நோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்களோ வெறும் 8 சதவீதம். பெண்களின் உடல்நலம் என்றாலே பிரசவமும் குடும்பக் கட்டுப்பாடும்தான் என்று இருந்த காலத்தில் அந்தச் சிறு கட்டுரை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. வலியை வலி என்று அந்தப் பெண்கள் அறியாமல் இல்லை. பாதிக்கும் மேற்பட்டவர்கள் கேட்டதும் சொன்னார்களே. அதுவரை கேட்க ஆளில்லை, பார்க்க இடமில்லை.

நம் வீடுகளில் இன்னொன்றும் இருக்கிறது. மாதவிடாய் நிற்பது ஒரு பெண்ணுக்கு இங்கே அந்தஸ்து. இனி பூசையறைக்கு நாள் பார்க்க வேண்டாம், கல்யாண வீட்டுக்கு மாத்திரை போட்டுத் தள்ளிவைக்க வேண்டாம், குலதெய்வம் கோயிலுக்கு நினைத்தபோது போகலாம். அப்படிக் கிடைத்த சுதந்திரத்துக்குள் மறுபடி ஒரு கறை தெரியும்போது, நோய் பயத்துக்கு முன்னால் வெட்கம் வந்து நிற்கிறது. கணவனை இழந்தவள் என்றாலோ, திருமணமே செய்துகொள்ளாதவள் என்றாலோ இன்னும் கொடுமை. "அவளுக்கு எதுக்கு அந்த டாக்டர்?" என்ற கேள்வி ஒரு தெருவுக்கே போதும், ஒருத்தியை வீட்டுக்குள் அடைக்க. கருப்பைக்கும் சினைப்பைக்கும் நோய் வரத் தாலி தேவையில்லை.

ரத்தம் இல்லாத அறிகுறிகளும் இதேபோலத் தொலைகின்றன. மாதக்கணக்கில் வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது, இரண்டு கவளத்தில் வயிறு நிறைந்துவிடுகிறது, அடிவயிறு வலிக்கிறது, அடிக்கடி சிறுநீர் முட்டுகிறது. இதற்கெல்லாம் நம்மிடம் ஒரே பெயர், கேஸ். மாதத்தில் 12 நாளுக்கு மேல் இப்படி இருந்து, இது தொடங்கி ஓராண்டு ஆகாமலிருந்தால் சினைப்பையைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் பார்பரா காஃப் குழுவினர் 2007இல் ஒரு எளிய அளவுகோல் தந்தார்கள். ஓமவாட்டரும் ஜெலூசிலும் மாறி மாறிக் குடித்துக்கொண்டிருக்கும் 50 வயதுப் பெண்ணுக்கு ஒரு வயிற்று ஸ்கேன் எழுதித்தர ஒரு நிமிடம் போதும். அதேபோல, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் பிறப்புறுப்பு அரிப்பு எல்லாமே பூஞ்சைத் தொற்று அல்ல. தோல் வெளுத்து, மெலிந்து, சுருங்கும் லைக்கன் ஸ்க்ளிரோசஸ் என்ற நோயாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சைக் களிம்பை ஆண்டுக்கணக்கில் தடவினாலும் பயன் இல்லை. வீரியமான ஸ்டீராய்டு களிம்பு வேண்டும். டார்ச் அடித்து ஒருமுறை பார்த்தால் அனுபவமுள்ள கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பார்ப்பது என்பது எவ்வளவு சாதாரணமான காரியம் என்பதற்குச் சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமையிலிருந்து மருத்துவர் சங்கரநாராயணன் அதை வழிநடத்தினார். 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்களுக்கு ஒரே ஒருமுறை கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு அழைப்பு. பார்த்தது, பயிற்சி பெற்ற செவிலியர்கள். பெண்ணைப் படுக்கவைத்து, ஸ்பெகுலம் என்ற கருவியால் கருப்பை வாய் தெரியும்படி செய்து, நீர்த்த அசிட்டிக் அமிலம் தொட்ட பஞ்சை வைப்பார்கள். சமையலறை வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். ஒரு நிமிடம் பொறுத்து வெளிச்சத்தில் பார்த்தால், உருமாறத் தொடங்கிய இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அவ்வளவுதான். ஏழு ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, அழைக்கப்படாத கிராமங்களைவிட அழைக்கப்பட்ட கிராமங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. லான்செட் 2007இல் அதை வெளியிட்டது. அதே ஆண்டு தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசின் முன்னோட்டத் திட்டம் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுக்கப் பரவியது.

அழைத்தும் வராதவர்களையும் அந்த ஆய்வில் கவனிக்க வேண்டும். பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். ஏறக்குறைய 18,000 பேர் வரவில்லை. கிராமத்துக்கே வந்து, இலவசமாக, பெண்களே செய்தும்கூட. அவர்களுக்காகத்தான் இன்று, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைக் கண்டறிய, பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் ஹெச்.பி.வி. பரிசோதனை முக்கியமாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அதை ஏற்கிறது.

ஆனால் நான் அடிக்கடி காணும் ஒரு குழப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். "போன வருஷம் கேம்ப்ல டெஸ்ட் எடுத்தேன், நார்மல்னு சொன்னாங்க" என்று சொல்லி, இன்று போகும் ரத்தத்தைப் பெண்கள் விட்டுவிடுகிறார்கள். முகாம் பரிசோதனை அறிகுறி இல்லாதவர்களுக்கானது. அது கருப்பை வாயைத்தான் பார்க்கிறது. கருப்பையின் உட்படலத்தையோ சினைப்பையையோ பார்ப்பதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு மாற்றம் தொடங்கும் இடம் உள்ளே ஏறிவிடுவதால் வினிகர்ச் சோதனை சரியாகப் பிடிப்பதும் இல்லை. உறவுக்குப் பிறகு ரத்தம், நாற்றமுள்ள நீர், நின்றபின் வரும் கறை என்று எது இருந்தாலும், போன வருடச் சீட்டு அதற்குப் பதிலாகாது.

சித்தியை அடுத்த வாரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். வரிசை நீளம்தான், காலை எட்டு மணிக்குப் போய் ஒரு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். அந்த மருத்துவர் முதலில் தேதி கேட்டார். சித்தி பையிலிருந்து தினசரிக் காலண்டர் தாள்களை எடுத்துக் கொடுத்தார். கறை பட்ட நாட்களின் தாள்களைக் கிழித்துப் போடாமல், மூலையில் ஒரு புள்ளி வைத்து, சுருக்குப்பைக்குள் சேர்த்து வைத்திருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது. ஏழு தாள். மருத்துவர் அவற்றை மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "இப்படி யாரும் கொண்டுவர மாட்டாங்கம்மா" என்றார். திரைக்குப் பின்னால் படுக்கவைத்துப் பரிசோதித்தார். உள்வழி ஸ்கேனில் உட்படலம் 9 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் புற்று இருக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு, தாண்டினால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். ஸ்ட்ரா போன்ற மெல்லிய குழாயை உள்ளே விட்டு எடுத்தார்கள். மயக்க மருந்து இல்லை. "மாசாமாசம் வர்ற வலிதான், ரெண்டு நிமிஷம்" என்றார் சித்தி வெளியே வந்து. பிறகு கருப்பைக்குள் சிறு கேமரா விட்டு, உள்ளேயிருந்த பாலிப்பை எடுத்தார்கள். மறுநாள் வீடு திரும்பினார். கருப்பை இருக்கும் இடத்திலேயே இருக்கிறது.

அந்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மா இருந்தார். பதினைந்து வருடத்துக்கு முன்பே கருப்பை எடுத்தவர். இப்போது மறுபடி ரத்தம் படுகிறது என்று வந்திருந்தார். எதற்காக எடுத்தார்கள், சினைப்பையையும் எடுத்தார்களா, கருப்பை வாயை விட்டுவைத்தார்களா, எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "தெரியலையே சாமி, எடுக்கணும்னாங்க, எடுத்தாச்சு." பைல் கிடையாது. மருத்துவமனையே இப்போது அந்தத் தெருவில் இல்லையாம்.

சித்தி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். டிஸ்சார்ஜ் ஆகும்போது நர்ஸிடம் போய்த் தன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினார். "வர ஒரு வாரம் ஆகும்மா" என்றபோது, ஒரு வாரம் கழித்து அவரே பஸ் ஏறிப் போய் வாங்கிவந்தார். பாலிப், புற்றணுக்கள் இல்லை என்று எழுதியிருந்தது. ஸ்கேன் படம், சீட்டு, அந்த ஏழு காலண்டர் தாள் எல்லாம் சேர்த்து ஒரு மஞ்சப்பையில் போட்டு, ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் பீரோத் தட்டில் வைத்திருக்கிறார்.